கண்ணாடியைக் கழற்றாத போட்டோ

அக்கா, உங்க டோக்கன் எனக்கு அடுத்ததுதானே? அப்படியென்றால் ஒரு உதவி பண்ணுங்க. என் பேரைக் கூப்பிட்டதும் நீங்களும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என்கூட உள்ளே வரணும். அந்த கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கணும். அவ்வளவுதான்.

உள்ளே முதலில் கைரேகை எடுப்பார்கள். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அப்புறம் கண்ணுக்கு நேரே ஒரு பெட்டி வைப்பார்கள், பைனாகுலர் மாதிரி. அதற்குக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆகணும். அதுவும் சரி. கண்ணுக்குள்ளே பார்க்கிற மிஷினுக்கு நடுவில் கண்ணாடி எதற்கு? ஆனால் நான் கழற்றின அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறவர் போட்டோவையும் எடுத்துவிட்டால்? எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதை நீங்க பார்த்துச் சொல்லணும். போட்டோ எடுக்கும்போது என் மூக்கு மேலே கண்ணாடி இருக்கணும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். வேறு எதையும் மாற்ற வரவில்லை. பேர் சரி. விலாசம் சரி. பிறந்த தேதி சரி. முகம்தான் தப்பு.

சிரிக்காதீங்க. இதோ, ஆதார் கார்டைப் பாருங்க. என்னை மாதிரியா இருக்கிறது? இல்லை இல்லையா? என் தங்கச்சி அபிநயாவை நீங்க பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவள்தான் என்று சத்தியம் பண்ணுவீங்க. ஆனால் இது நான். பதினைந்து வயதில் மறுபடி எடுக்கணும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அப்போது எடுத்தது.

போட்டோ என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா கையை நீட்டுவாள். நான் கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைக்கணும். பேச்சே கிடையாது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, எதுவாக இருந்தாலும் அந்தக் கை வந்துவிடும். ரெண்டாம் வகுப்பிலிருந்து நான் கண்ணாடி போடுகிறேன். பவர் மைனஸ் பத்து. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற யாரும் அந்த வீட்டில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லமாட்டார்கள். எல்லா போட்டோவிலும் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைப் பார்க்க?

கேட்டால் அம்மா சொல்வாள், "கண்ணாடி போட்டா கண்ணு கடுகு மாதிரி ஆயிடுதுடி. நாளைக்கு ஒரு எடத்துல போட்டோ குடுக்க வேணாமா?" அந்த இடத்துக்காரன் போட்டோவைப் பார்த்துவிட்டு நேரில் வந்தால் என்ன பண்ணுவாளாம்? அப்போதும் கையை நீட்டுவாளா? நான் நடந்துபோய்க் காபியை அவன் அப்பா மடியில் ஊற்றவா?

பாப்பா, கண்ணாடியைப் பிடிக்காதே. இல்லை அக்கா, திட்டவில்லை. எல்லாக் குழந்தையும் முதலில் இதைத்தான் பிடிக்கும். நீ வளர்ந்ததும் உனக்கு ஒன்று வாங்கித் தருகிறேன், சரியா?

பிளஸ் டூ பரீட்சையில் என்ன நடந்தது தெரியுமா? ஹால் டிக்கெட்டிலும் கண்ணாடி இல்லாத போட்டோ. கண்காணிக்க வந்த சார் வேற பள்ளிக்கூடம். டிக்கெட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், திரும்பவும் டிக்கெட்டைப் பார்க்கிறார். "கண்ணாடியை எடும்மா" என்றார். எடுத்தேன். "ம், சரியா இருக்கு" என்றார். போட்டேன். "இரு இரு" என்று திரும்ப முகத்தைச் சுளித்தார். நான் கேட்டேன், "சார், கழட்டினாத்தான் நான் முத்தரசின்னா, கழட்டிட்டே எழுதவா? கேள்வித்தாளை நீங்க படிச்சுக் காட்டுறீங்களா?" பின்பெஞ்சில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் பொய் சொல்லமாட்டேன்.

பாஸ் பண்ணிவிட்டேன். ரொம்ப மார்க் எல்லாம் இல்லை. காலேஜ் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள், சாரத்துப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு நிமிரவில்லை. அப்பா இல்லை. அதனால் நான் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். நாள் பூராவும் நைட்டியை மடிக்கிற வேலை. பிரித்துப் பார்ப்பார்கள், வாங்கமாட்டார்கள், நான் மறுபடி மடிப்பேன்.

அப்போதுதான் எங்கள் மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். அம்மாவுடைய தம்பி. மகேந்திரன் என்று பேர். அவருக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருத்தர் ஊர் ஊராக வேன் அனுப்பி, செல்போன் பாகம் செய்கிற கம்பெனிக்குப் பெண்களை எடுத்துப் போகிறார். பதினெட்டு வயது ஆகியிருக்கணும், பிளஸ் டூ முடித்திருக்கணும். ஹாஸ்டல், சாப்பாடு, பி.எப். எல்லாம் உண்டு. எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. போனேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள். மணமேடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். அரிசிமணி அளவு ஸ்க்ரூவை இடுக்கியில் எடுத்து ஓட்டையில் வைக்கச் சொன்னார்கள். என் வரிசையில் நான்தான் முதலில் முடித்தேன். கடைசியாகக் கண். அங்கே உட்கார்ந்திருந்த மேடம் கையை நீட்டினாள். அதே கை அக்கா! எங்க அம்மா நீட்டுகிற அதே மாதிரி. கழற்றிக் கொடுத்தேன். "அந்த சார்ட்டைப் படி" என்றாள்.

"எந்த சார்ட்?" என்றேன்.

அவ்வளவுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலையாம், இவ்வளவு பவர் இருந்தால் எடுக்கமாட்டார்களாம். நான் விடவில்லை. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு சொன்னேன், "மேடம், இதைப் போட்டா எனக்கு உங்களை விட நல்லாத் தெரியும். உங்க இடது புருவத்துல ஒரே ஒரு முடி நரைச்சிருக்கு." பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்தான். அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியும். ஆனால் நரைத்திருந்ததே.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் ஏன் இங்கே வந்து உட்காரப் போகிறேன்? ரெண்டு நாள் கழித்து மாமா வந்தார். என்னை ஒரேயடியாகத் தள்ளவில்லையாம், கான்ட்ராக்டர் பேசி 'மெடிக்கல் பாக்கி' என்று போட வைத்திருக்கிறாராம். வேனுக்கு ஆள் நிரம்பணும் அவருக்கு. "மறுபடி ஒருதரம் கண்ணு பாப்பாங்க. அன்னிக்குக் கண்ணாடி இல்லாத பொண்ணா வரணும், அவ்ளோதான்" என்றாராம்.

"நான் எப்படிக் கண்ணாடி இல்லாத பொண்ணா வருவேன்?" என்றேன்.

மாமா என் ஆதார் ஜெராக்ஸைக் கையில் வைத்திருந்தார். அபிநயா கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஜெராக்ஸைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். "அக்கா, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இது யாரு?"

"முத்துதான்."

"கீழ உக்காந்திருக்கறது?"

"ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா? அபி."

"என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம்."

அம்மா ஜெராக்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெத்த அம்மா, அவளால் சொல்ல முடியவில்லை!

புரியுதா அக்கா? அபிநயாவுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் பேரில் கம்பெனிக்குப் போக முடியாது. என் பேரில் போகலாம். என் கார்டு, என் மார்க் ஷீட், என் பிறந்த தேதி, அவள் கண். நானும் அபியும் உயரம்கூட ஒன்றுதான். "பள்ளிக்கூடத்தை நிறுத்திடலாம்" என்றார் மாமா. "மூத்தவ படிச்சுக் கிழிச்சதைத்தான் பாத்தோமே."

நான் கத்தினேன். என் பேரில் அவள் அங்கே வேலை பார்த்தால், நாளைக்கு நான் வேற கம்பெனிக்குப் போனால், 'நீ ஏற்கெனவே அங்க வேலை செய்யறியேம்மா' என்று சொல்லமாட்டார்களா? பி.எப். யார் பேரில் ஏறும்? அவளுக்கு அங்கே ஒரு கை மிஷினில் மாட்டினால் ஆஸ்பத்திரியில் யார் கை என்று எழுதுவார்கள்? அப்போது நான் யார்?

"நீ கொஞ்ச நாளைக்கு அபிநயாவா இரேன்" என்றார் மாமா. நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

"இருக்கேன். அப்ப நாளைக்குக் காலைல நான் பிளஸ் ஒன் கிளாஸ்ல போயி உக்காரவா?"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அதுதான் கடைசி ஆயுதம், எடுத்த எடுப்பிலேயே எடுத்துவிடுவாள். "பேரு வீட்டுக்குள்ளதானடி இருக்குது. வெளிய எங்க போச்சு? அக்கா பேரைத் தங்கச்சி வெச்சிக்கிட்டா தேஞ்சா போயிடும்? உன் பாவாடையை அவ கட்டலையா, உன் புஸ்தகத்தை அவ படிக்கலையா?"

பாவாடையும் பேரும் ஒன்றா அக்கா?

அபிநயா என்ன சொன்னாள் என்று கேளுங்க. ஒன்றுமே சொல்லவில்லை. ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? சரி என்றுதானே? சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் பாதிச் சாப்பாட்டைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஹாஸ்டல், புதுத் துணி, கையில் போன். பதினாறு வயதில் யாருக்குக் கசக்கும்? எனக்குத் தெரியும் அக்கா. இந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாமா வந்து அவளுக்கு ட்ரெயினிங் கொடுத்தார். நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு.

"உன் பேரு?"

"அபி..."

"ஏய்!"

"முத்தரசி."

"பொறந்த தேதி?"

அவள் தன் தேதியைச் சொல்வாள். மாமா தலையில் அடித்துக்கொள்வார். மறுபடி கேட்பார். மறுபடி தன் தேதியைத்தான் சொல்வாள். தேதி சரியாக வந்தால் வருஷம் தப்பாக வரும், வருஷம் வந்தால் மாதம் போய்விடும். இவள் பிசிக்ஸில் கிளாஸ் ஃபர்ஸ்ட்டாம்! ஒரு பிறந்த தேதி மனப்பாடம் ஆகவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சலாகி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து நானே சொல்லிக் கொடுத்தேன். "மாசி மாசம்டி, எருமை! ஒவ்வொரு வருஷமும் பாயசம் குடிக்கிறியே, ஞாபகம் இல்லை?" அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்க, என்னமோ நான்தான் அவளுக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி.

என் பேரைத் திருடப் போகிறவளுக்குப் பார்வை ஒரு கேடு.

முந்தாநாள் கான்ட்ராக்டர் போன் பண்ணி இன்னும் மூணு நாளில் வேன் வரும் என்று சொல்லிவிட்டார். அதாவது நாளைக்கு. அபிநயாவைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது நான் சொன்னேன். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. "நாளைக்குப் போயி ஆதார்ல போட்டோவை மாத்திட்டு வரப்போறேன். கண்ணாடியோட. அப்புறம் யாரு முத்தரசின்னு ஊரே பாத்துக்கட்டும்."

மாமா சிரித்தார். "கண்ணாடியோட எடுக்கவே மாட்டாங்க. பாஸ்போர்ட்டுக்கு இப்பல்லாம் கழட்டச் சொல்றாங்க. என் மச்சான் துபாய் போறப்ப கழட்ட வெச்சாங்களே!"

"பாஸ்போர்ட்டுக்குக் கழட்டட்டும். நான் என்ன துபாய்க்கா போறேன்?"

நான் சும்மா சவால் விடவில்லை அக்கா. இவர் பாட்டுக்கு ஒன்று சொல்வார், அதை நம்பணுமா? முன்னாடியே ஆதார் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டேன். எப்போதும் கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே எடுக்கலாம், வெளிச்சம் பட்டு மின்னாமல் கண் தெரிந்தால் போதும் என்று சொன்னார்கள். மச்சான் கழற்றினால் கழற்றிவிட்டுப் போகட்டும். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் போடுகிறவர். நான் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறவள். ரெண்டும் ஒன்றா?

இன்றைக்குக் காலையில் எழுந்து தலைமாட்டில் கையை வைக்கிறேன், கண்ணாடி இல்லை.

பாய்க்குக் கீழே தடவினேன். ஜன்னல் விளிம்பில் தடவினேன். டிவி மேலே தடவினேன். "அம்மா, என் கண்ணாடி எங்க?" என்றேன்.

"எங்கயாவது வெச்சிருப்ப. தேடு."

கண்ணாடியைத் தேடக் கண்ணாடி வேணும் அக்கா. அது போடாதவர்களுக்குப் புரியாது. அவள் எந்தப் பக்கம் நின்று பேசுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அம்மாதான் எடுத்து வைத்திருக்கிறாள். போட்டோவுக்கு நீட்டுகிற அதே கைதான். பெத்த பெண்ணை வீட்டுக்குள்ளே குருடி ஆக்கிவிட்டுச் சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவே கலைந்த கோலம் மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் வருகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று எப்படிப் படிப்பேன்? ஒரு பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன.

அப்போது அபிநயா வந்தாள். என் மடியில் எதையோ வைத்தாள். தொட்டுப் பார்த்தால் கண்ணாடி. கூடவே ஆதார் கார்டு.

"சீக்கிரம் போ. அம்மா குழாய்ல இருக்கு" என்றாள்.

பாருங்களேன்! அவளுக்கு எப்படித் தெரியும் கண்ணாடி எங்கே இருந்தது என்று? ரெண்டு பேரும் கூட்டு என்று இதிலேயே தெரியவில்லையா? கார்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், சாவி அம்மா இடுப்பில் இருக்கும். ராத்திரி தூங்கும்போது உருவியிருக்கிறாள். திருட்டுக் கை. கண்ணாடியைத் துடைத்து வேறு வைத்திருந்தாள், பளபளவென்று. இத்தனை வருஷத்தில் என் கண்ணாடியை ஒருநாள் துடைத்தவள் இல்லை. தன் கைரேகை தெரியக்கூடாது என்றுதான்.

"உனக்கு என்ன அவ்ளோ அவசரம் என்னை அனுப்ப?" என்றேன்.

"போயேன்க்கா" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வீட்டில் நான் இல்லாவிட்டால் என் சுடிதாரைப் போட்டுப் பார்க்கலாம், என் பேரைச் சொல்லிப் பழகலாம். வேறென்ன? பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வந்தது. ஊர்ப் பேரைப் படித்தேன். ஏறிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அது பொய் இல்லை. நேற்றே சொன்னதுதானே.

இன்றைக்குப் போட்டோ எடுத்து ஸ்லிப் கையில் வந்துவிட்டால் போதும் அக்கா. அதை அப்படியே கான்ட்ராக்டருக்கு அனுப்பிவிடுவேன். கார்டில் ஒரு முகம், கம்ப்யூட்டரில் வேற முகம் என்றால் கம்பெனி கேட்டில் மாட்டப்போவது அந்த ஆள்தான். பயந்தே விட்டுவிடுவார். அம்மா என்னை அடிக்கலாம். அடிக்கட்டும். நான் அந்த மாதிரி வேற வேலை தேடிக்கொள்கிறேன், கண்ணாடியைப் பார்த்துவிட்டு எடுக்கிற இடமாக. அதுவரைக்கும் நைட்டி மடிப்பேன். முத்தரசி என்கிற பேரில் மடிப்பேன்.

கூப்பிட்டாங்க அக்கா! வாங்க, வாங்க. பாப்பாவைக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன். சரி, நீங்களே வெச்சிக்கோங்க. இங்க நில்லுங்க, இந்தத் திரை தெரியற மாதிரி.

சார், போட்டோ மட்டும்தான் சார் மாத்தணும். ஆமா, நான்தான் இது. நல்லாப் பாருங்க. அதனாலதான் சார் மாத்த வந்திருக்கேன்.

இவங்களா? இவங்க எனக்கு அக்கா. கூடப் பொறந்த அக்கா இல்லை, இப்பதான் வெளிய ஆனாங்க. எனக்குக் கண்ணு தெரியாது சார், துணைக்கு நிக்கட்டும்.

கைரேகை ஆச்சா? இப்ப கழட்டணுமா? கழட்டிட்டேன். அக்கா, இருக்கீங்களா? நீங்க இப்ப எனக்கு ஒரு பச்சைப் புடவை மட்டும்தான். பேசிட்டே இருங்க. சார், கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கேன், இதுக்கு மேல திறந்தா முழி கீழ விழுந்துடும்.

ஆச்சா? என்ன அக்கா? எடுத்துட்டாரா? போட்டோவையுமா? சார்! அழிங்க சார் அதை. கண்ணாடியோட எடுக்கணும்னு வந்ததும் சொன்னேனா இல்லையா? எல்லாரையும் கழட்டச் சொல்லித்தான் பழக்கமா? பழக்கம் இருக்கலாம் சார். நான் எப்பவும் போடறவ, போட்டுட்டு எடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நீங்களே பாருங்க, அங்க செவுத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸ்ல இருக்கும். இல்லைன்னா உங்க மேலதிகாரிக்குப் போன் போடுங்க. நான் இங்கதான் நிப்பேன். பின்னாடி இருக்கறவங்க கத்தட்டும்.

ஆ, அப்படி வாங்க வழிக்கு. தேங்க்ஸ் சார்.

மின்னுதா? ட்யூப்லைட்டா? தாடையைக் கொஞ்சம் இறக்கவா? இன்னும் மின்னுதா? அக்கா, அந்த சுவிட்சை அமுக்குங்க. அது இல்லை, அது ஃபேன். யோவ் அண்ணா, கத்தாதீங்க, கரண்ட் போகலை, நான்தான் லைட்டை அணைக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் இருட்டுல உக்காந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது.

இப்ப எடுங்க சார்.

எங்க, காட்டுங்க. திரையை இப்படித் திருப்புங்க.

அக்கா, இங்க பாருங்க. அம்மா சொன்னது சரிதான். கண்ணு கடுகு மாதிரித்தான் இருக்கு. கன்னம் ரெண்டும் கண்ணாடிக்குள்ள உள்ள வாங்கிட்டுத் தெரியுது. மூக்கு வேற இவ்வளவு பெருசா? ஆனா நேராப் பாக்கறேன். பாருங்க, கேமராவை நேராப் பாக்கறேன். இதைப் பாத்துட்டு ஒருத்தராவது அபிநயான்னு சொல்லட்டும் பாப்போம்.

இல்லை சார், வேற எடுக்க வேணாம். இதுவே இருக்கட்டும். அழகா இருக்கணும்னு நான் வரலை. அமுக்குங்க.

ஸ்லிப் குடுங்க. கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. அம்மா நம்பர். வெச்சிடட்டுமா? இல்லை, எடுக்கறேன். எனக்கென்ன பயம்.

ஹலோ. யாரு, நீயா? அம்மா எங்க? தூங்குதா? நீ எதுக்குடி போனை எடுத்த? ஆமா, எடுத்தாச்சு. கண்ணாடியோடதான். முடிஞ்சுது. ஸ்லிப் கைல இருக்கு. இனிமே நீ தலைகீழா நின்னாலும் முத்தரசி ஆக முடியாது, போ. என்னது? நெஜமாத்தான்டி. எத்தனை தரம் கேப்ப? அழிக்கல்லாம் முடியாது, கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. ஏய், என்ன சத்தம் அது? அழறியா சிரிக்கறியா?

சிரிக்கிறாள் அக்கா. நாளைக்கு வேன் இல்லை, வேலை இல்லை, மாமா வந்து ஆடப்போறார், இவள் சிரிக்கிறாள். திமிரைப் பாருங்க.

சொல்லித் தொலை, என்ன வேணும்? கிராஃப் ஷீட்டா? எதுக்கு? நாளைக்குப் பிராக்டிகலா? உன்னைத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்களே, இன்னும் என்ன பிராக்டிகல்? சரி சரி, கத்தாத, காது வலிக்குது. எத்தனை? கோடு போட்டதா, கட்டம் போட்டதா? கட்டம் போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? வெய்யி போனை.

நான் இங்கே என் பேருக்காகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குக் கட்டம் போட்ட பேப்பர் வேணுமாம். என்ன ஜென்மமோ.

அக்கா, இந்த ஆபீஸ் பக்கத்தில் ஸ்டேஷனரி கடை எங்கே இருக்கிறது, தெரியுமா?